'பையன் மாதிரி ஆடுறா' – இது பாராட்டா?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரு பொண்ணு ஃபுட்பாலை நல்லா உதைச்சா நாம என்ன சொல்றோம்? "அடேங்கப்பா, பையன் மாதிரி ஆடுறா!" என்கிறோம். சொல்றவங்க மனசுல கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பாராட்டாத்தான் சொல்றாங்க. கேட்கிற பொண்ணும் சிரிச்சுக்கிட்டே போயிடுறா.

ஆனால் அந்தப் பாராட்டுக்குள்ளே ஒரு குட்டும் இருக்கிறது என்பது என் கருத்து. இந்த ஆட்டம் பசங்களுடையது, நீ இரவல் வாங்கித்தான் ஆடுறே, என்ன, இரவல் பொருளைக் கொஞ்சம் நல்லா வச்சிருக்கே, அவ்வளவுதான்! இதுதானே அதோட அர்த்தம்?

இதை நான் வெறும் வாயால சொன்னா "வந்துட்டா பெரிய பேச்சாளி" என்பீர்கள். அதனால சாட்சிக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். அவர் பெயர் பிர்கிட் பிரின்ஸ். ஜெர்மனி பெண்கள் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன். கோல் அடிப்பதே வேலையான ஸ்டிரைக்கர். நாட்டுக்காக 214 ஆட்டங்கள், 128 கோல்கள். இரண்டு உலகக் கோப்பை, ஐந்து ஐரோப்பியக் கோப்பை, மூன்று ஒலிம்பிக் வெண்கலம். 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஃபிஃபாவின் உலகின் சிறந்த வீராங்கனை விருது.

ஜெர்மனி ஆண்கள் அணியில் மிக அதிக கோல் அடித்தவர் மிரோஸ்லாவ் க்ளோஸ. 71 கோல். "பாத்தீங்களா, 128 பெரிசா 71 பெரிசா?" என்று பசங்களோட சண்டை போட எனக்கும் ஆசைதான். ஆனா போட மாட்டேன். போட்டால் நானும் அதே அளவுகோலைத்தான் கையில் எடுத்தவள் ஆவேன். அந்த அளவுகோலே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

தடை போட்ட நாடு

பிரின்ஸ் பிறந்தது 1977 அக்டோபர் 25-ல், பிராங்க்ஃபர்ட் நகரத்தில். அவர் பிறப்பதற்கு ஏழே ஏழு வருடம் முன்பு வரைக்கும் மேற்கு ஜெர்மனியில் பெண்கள் கால்பந்துக்குத் தடை இருந்தது என்றால் நம்புவீர்களா?

1954-ல் மேற்கு ஜெர்மனி ஆண்கள் அணி முதல்முறையாக உலகக் கோப்பையை வென்றது. நாடே கொண்டாடியது. அடுத்த வருஷமே, 1955-ல், ஜெர்மன் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட்டது. எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது. எந்த நடுவரும் பெண்கள் ஆட்டத்தில் விசில் ஊதக்கூடாது. என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? பந்துக்கு மோதினால் பெண்ணின் நளினம் போய்விடுமாம், உடம்பும் மனசும் கெட்டுப்போகுமாம்!

1970-ல்தான் தடையை எடுத்தார்கள். எடுக்கும்போதும் நிபந்தனை. 90 நிமிடம் ஆடக்கூடாது, 70 நிமிடம்தான். பந்து சின்னப் பந்து. அடியில் குமிழ் வைத்த ஷூ போடக்கூடாது. குளிர் காலத்தில் ஆறு மாதம் ஓய்வு. அதாவது ஆட்டத்தைக் கொடுத்த மாதிரியும் இருக்கணும், கொடுக்காத மாதிரியும் இருக்கணும்.

இன்னொன்றும் சொல்லணும். 1989-ல் மேற்கு ஜெர்மனிப் பெண்கள் முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தார்கள். இறுதிப் போட்டியில் நார்வேயை 4-1 என்று தோற்கடித்தார்கள். அதற்குக் கூட்டமைப்பு கொடுத்த பரிசு, ஆளுக்கு ஒரு காபி கப் செட்! எனக்குப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா சிரிப்பு நின்னுடுச்சு. ஐரோப்பாவையே ஜெயிச்சுட்டு வந்த பொண்ணுகிட்ட, "சரிம்மா, இப்ப போய் காபி போடு" என்று சொன்ன மாதிரி இல்லையா?

பதினாறு வயசுப் பொண்ணு

அப்போது பிரின்ஸுக்கு 11 வயது. அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1994 ஜூலையில், 16 வயசிலேயே தேசிய அணிக்கு வந்துவிட்டார். எதிரணி கனடா. மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 89-வது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தார். நம்ம பதினொண்ணாங் கிளாஸ் வயசுதான்!

அடுத்த வருடம் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், 17 வயதில் ஆடினார். அதில் ஜெர்மனி நார்வேயிடம் 0-2 என்று தோற்றது. 

2003-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 7 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். போட்டியின் சிறந்த வீராங்கனையும் அவரே. அரையிறுதியில் அப்போதைய சாம்பியன் அமெரிக்காவை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று வீழ்த்தினார்கள். இறுதிப் போட்டியில் சுவீடனோடு 1-1 என்று நின்றது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி. மாற்று வீராங்கனை நியா குன்சர் 98-வது நிமிடத்தில் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. கோப்பை ஜெர்மனிக்கு! ஆண்கள், பெண்கள் இரண்டு உலகக் கோப்பையையும் வென்ற முதல் நாடு என்ற பெருமை அன்றைக்குத்தான் ஜெர்மனிக்குக் கிடைத்தது. பெண்களுக்கு மைதானம் தராதே என்று சொன்ன அதே நாட்டுக்கு!

'வேண்டாம்' என்று சொன்ன இடம்

நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே இனிமேல் சொல்லப்போகும் விஷயம்தான்.

அதே 2003-ல் இத்தாலியிலிருந்து பிரின்ஸுக்கு ஒரு அழைப்பு வந்தது. கூப்பிட்டது பெரூஜியா கிளப். அப்போது அது இத்தாலியின் முதல்தர ஆண்கள் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் லூசியானோ கவுச்சி, "எங்கள் ஆண்கள் அணியில் வந்து ஆடுங்கள்" என்றார். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி. பெரூஜியாவுக்குத் தலைப்புச் செய்தி புதுசு இல்லை. லிபியா அதிபர் கடாஃபியின் மகனை அதே வருடம் அணியில் சேர்த்த கிளப் அது.

பிரின்ஸ் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதை நான் சொன்னதும் என் வகுப்புப் பசங்க சிலர், "பயந்துட்டாங்க போல" என்றார்கள். பொண்ணுங்களே கூட, "போயிருக்கலாமே, பொண்ணுங்களாலும் முடியும்னு காட்டியிருக்கலாமே" என்றார்கள். இரண்டு பேருக்கும் என் பதிலைச் சொல்கிறேன்.

மல்யுத்தத்தில் 57 கிலோ பிரிவு உண்டு, 125 கிலோ பிரிவும் உண்டு. 57 கிலோவில் தங்கம் வாங்கினவரைப் பார்த்து, "நீ 125 கிலோ ஆளோட மோதினாத்தான் வீரன்" என்று யாராவது சொல்வார்களா? சொன்னா நாம சிரிப்போம். ஆனா ஒரு பொண்ணு தன் பிரிவில் உலகத்திலேயே முதல் ஆளாக வந்த பிறகும், "ஆம்பளைங்களோட ஆடிக் காட்டு" என்று கேட்டால் அது மட்டும் நமக்கு நியாயமாத் தெரியுது!

பெரூஜியா போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? கேமராக்கள் வந்திருக்கும். டிக்கெட் விற்றிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவரை எல்லாரும் வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆட்டம்? அதுதான் இருந்திருக்காது. ஸ்டிரைக்கருக்கு வேண்டியது கோல் போஸ்ட், போட்டோ இல்லை.

அவர் பிராங்க்ஃபர்ட்டிலேயே, பெண்கள் கிளப்பிலேயே ஆடினார். 2002-ல் முதன்முதலாக நடந்த ஐரோப்பிய பெண்கள் கிளப் கோப்பையை ஜெயித்த கிளப் அது. 2006-லும் 2008-லும் மறுபடி ஜெயித்தது. 2007-ல் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் அவர்தான் ஜெர்மனியின் கேப்டன். முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 11-0. இறுதிப் போட்டியில் மார்த்தா ஆடிய பிரேசிலை 2-0. அதில் முதல் கோல் பிரின்ஸ் அடித்தது. அந்தப் போட்டித் தொடர் முழுக்க ஜெர்மனி ஒரு கோல்கூட வாங்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். அந்த 'வேண்டாம்' பயத்தில் வந்தது அல்ல. என் ஆட்டம் இங்கேயே இருக்கு, இதைப் பெரிசாக்குறேன் என்று சொன்ன மாதிரிதான் எனக்குப் படுகிறது.

அதே அளவுகோல், அவருக்கும்

சரி, பெண்கள் ஆட்டத்தை ஆட்டமாகவே பாருங்கள் என்கிறோம். அப்படிப் பார்த்தால் அதில் கஷ்டமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லணும்.

2011-ல் உலகக் கோப்பை ஜெர்மனியிலேயே நடந்தது. பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் கனடாவோடு முதல் ஆட்டம். 73 ஆயிரத்துக்கும் மேல் ரசிகர்கள்! கேப்டன் பிரின்ஸுக்கு வயது 33. முதல் ஆட்டத்தில் சரியாக ஆட வரவில்லை, பாதியில் வெளியே எடுத்தார்கள். இரண்டாவது ஆட்டம் நைஜீரியாவோடு, அவர் பிறந்த ஊரிலேயே. அதிலும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் சில்வியா நைட் அவரை இறக்கவே இல்லை. காலிறுதியில் ஜப்பானோடு 0-0 என்று கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போனது. அப்போதும் பிரின்ஸ் வெளியேதான். 108-வது நிமிடத்தில் ஜப்பான் கோல் போட்டது. ஜெர்மனி வெளியேறியது. 128 கோல் அடித்தவரின் கடைசி உலகக் கோப்பை, பெஞ்சில் முடிந்தது. ஆகஸ்ட் மாதம் ஓய்வை அறிவித்துவிட்டார்.

பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு யோசிங்க. "பொண்ணு ஆடுறதே பெரிய விஷயம்" என்று நினைக்கிற இடத்தில் யாரையும் பெஞ்சில் உட்கார வைக்க மாட்டார்கள், ஒரு காபி கப்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 73 ஆயிரம் பேர் வந்து, நல்லா ஆடினா கைதட்டி, ஆடலைன்னா ஏன் ஆடலை என்று கேட்கிறார்களே, அதுதான் உண்மையான மரியாதை. ஆட்டத்தின் அளவுகோல் இனிக்கும்போது மட்டும் வேணும், கசக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெரூஜியாவின் பெஞ்சும் இந்த பெஞ்சும் ஒன்று அல்ல. அது காட்சிப்பொருளுக்குப் போட்ட நாற்காலி. இது எந்த வீரருக்கும் ஒருநாள் வரக்கூடிய இடம்.

அதற்கப்புறம் அவர் என்ன ஆனார்? ஆடிக்கொண்டிருக்கும்போதே பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து முடித்திருந்தார். (விளையாடினா படிப்பு போயிடும் என்று சொல்கிற பெற்றோர்கள் இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்கவும்.) பிறகு ஹோஃபன்ஹைம் கிளப்பில் விளையாட்டு உளவியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் உள்ள கிளப் அது. பின்னாளில் ஜெர்மனி பெண்கள் தேசிய அணிக்கும் அதே பணியைச் செய்தார். ஆக, ஆண்கள் ஆடும் கிளப்புக்கு அவர் கடைசியில் போகத்தான் செய்தார். விளம்பரத்துக்காக இல்லை, தன் அறிவுக்காகக் கூப்பிட்டபோது போனார்.

நமக்கு என்ன?

ஜெர்மனியில் தடை போட எழுத்தில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. பல பள்ளிக்கூடங்களில் அதுகூடத் தேவையில்லை. பி.டி. பீரியட் வந்தா பசங்களுக்கு ஃபுட்பால், பொண்ணுங்களுக்கு மர நிழல்ல டென்னிகாய்ட் வளையம். யாரும் தடுக்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. டென்னிகாய்ட்டை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது பிடித்தவர்கள் ஆடட்டும். ஃபுட்பால் பிடித்தவளுக்கு ஃபுட்பால் எங்கே என்பதுதான் என் கேள்வி.

ஆசிரியர்களிடம் என் பணிவான வேண்டுகோள்: வாரத்தில் ஒரு பீரியட், பாதி மைதானம், ஒரு பந்து. பெரிய பந்தாகவே இருக்கட்டும்!

தோழர்களிடம் வேண்டுகோள்: அந்த ஒரு பீரியட்டில் மைதானத்து ஓரத்தில் நின்று கிண்டல் பண்ணாதீர்கள். பாராட்டத் தோன்றினால் என்ன நடந்ததோ அதைப் பாராட்டுங்கள். "சூப்பர் பாஸ்" என்று சொல்லுங்கள். "இடது கால் ஷாட் அருமை" என்று சொல்லுங்கள். தப்பா ஆடினா "அந்தப் பந்தை விட்டிருக்கக் கூடாது" என்றும் தாராளமாகச் சொல்லுங்கள்.

தோழிகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. பந்து வந்தா ஒதுங்காதீங்க!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி