ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு கைகொடுக்கும் 'சட்டாம்பிள்ளை' படிப்பு!

சாயர்புரம்:
உப்பளத்திலும் பனங்காட்டிலும் கடலிலும் உழைத்து பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்த பெற்றோருக்கு ராத்திரி போனில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நல்லாத்தான் படிக்கேம்மா." ரிசல்ட் வந்த பிறகுதான் அரியர் விவகாரம் தெரிகிறது.

வீட்டில் அம்மா எழுப்பி விட்டார். பள்ளியில் வாத்தியார் விரட்டினார். ஹாஸ்டலில் ரெண்டு பேரும் இல்லை. எப்போ படிப்பது, எதை முதலில் படிப்பது என்று பிள்ளையே முடிவு பண்ண வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். குடும்பத்தில் முதன்முதலாக கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் கேட்கவும் ஆள் கிடையாது. அப்போது கைகொடுப்பது அறைத்தோழர்கள்தான்.

நம்ம ஊர் வித்தை

இது புதுசு அல்ல. அந்தக்கால திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைதான் சின்னப் பிள்ளைகளுக்கு பாடம் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை பார்த்து அதை தன் பள்ளிக்கு கொண்டு போனார். அங்கே மாணவர்களையே ஆசிரியர் ஆக்கினார். 1797-ல் லண்டனில் அதுபற்றி புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்க பரவியது.

சாயர்புரமும் படிப்புக்கு பேர்போன ஊர். 1842-ல் ஜி.யு.போப் வந்து பாடசாலை நடத்திய மண். அவர் பெயரில் 1962-ல் கல்லூரியும் வந்தது.

இருவருக்கும் லாபம்

அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும். ராத்திரி ஒரு மணி நேரம் நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாடம் சொல்லலாம். நாளைக்கு முடிக்க வேண்டியதை எழுதி வைத்து, மறுநாள் ஒருத்தரை ஒருத்தர் கேட்கலாம். செலவு பைசா கிடையாது. ஆனால் காப்பியடிக்க நோட்டு கொடுப்பது உதவி ஆகாது.

சீனியர் என்றாலே சிலருக்கு ராகிங் பயம். அதை தடுக்க தமிழகத்தில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. எந்த சீனியர் எந்த ஜூனியருக்கு துணை என்று முதல் வாரமே கல்லூரியே முடிவு செய்தால் பயமும் போகும்.

நண்பன் டாக்டர் இல்லை

சாப்பிடாமல், தூங்காமல் ஒதுங்கிப் போகும் பிள்ளைக்கு நண்பன் மட்டும் போதாது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் மனநல ஆலோசகர் வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

பெற்றோரும் "நல்லா படிக்கியா?" என்று கேட்பதை விட்டு, "இன்னிக்கு யார்கூட உட்கார்ந்து என்ன படிச்ச?" என்று கேட்டுப் பார்க்கலாம். பதிலிலேயே நிலவரம் தெரிந்துவிடும்.