காலி இடமும் பூஜ்யமும் ஒன்றா?

மென்பொருள் எழுதும் பிள்ளைகளிடம் ஒரு வாதம் தயாராக இருக்கிறது. "டாக்குமெண்டேஷனையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?" மிக்சியோடு வரும் புத்தகத்தை நம்மில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை என்பதால் நேற்று வரை நானும் இதற்குத் தலையாட்டியிருப்பேன். இன்றைக்கு இந்த வாதம் செல்லாது. ஏன் என்று சொல்கிறேன்.

சாப்பிட்டதையெல்லாம் செல்போனில் குறித்து வைக்கும் பழக்கம் நம் வயதுக்காரர்களிடமும் வந்துவிட்டது. அசோக் பில்லர் பக்கம் காலை நடை போகும் எங்கள் கோஷ்டியிலேயே மூன்று பேர் இப்படிக் குறிக்கிறார்கள். அந்தக் குறிப்பிலிருந்து இன்றைய கலோரி, புரதம், சோடியம், பொட்டாசியம் என்று கூட்டி எடுத்து, ஏஐ ஏஜென்ட் என்கிற செயற்கைக் குமாஸ்தாவிடம் கொடுப்பதற்குச் சின்னச் சின்ன நிரல்கள் வந்திருக்கின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி எம்.சி.பி. என்று ஒரு பொது ஏற்பாட்டை வெளியிட்ட பிறகு இவற்றை எழுதுவது சுலபமாகிவிட்டது. "ராத்திரி ஒரு வாழைப்பழம் சாப்பிடலாமா?" என்று நாம் கேட்டால், ஏஜென்ட் அந்த நிரலைக் கூப்பிட்டுக் கணக்கை வாங்கிப் பார்த்துப் பதில் சொல்லும். நிரல் என்ன செய்கிறது என்று ஏஜென்டுக்குத் தெரிவது அதன் விளக்கக் குறிப்பிலிருந்துதான். அதாவது, டாக்குமெண்டேஷனை ஒரு எழுத்து விடாமல் படித்து, படித்ததை அப்படியே நம்பும் வாசகர் முதல் முறையாகக் கிடைத்திருக்கிறார். இந்த நேரம் பார்த்தா கையைச் சுருக்குவது?

என் பேரனும் அப்படி ஒரு நிரல் எழுதியிருக்கிறான். அவன் காட்டிய விளக்கக் குறிப்பு மொத்தம் இரண்டு வரி. கொடுத்த தேதியின் ஊட்டச்சத்து விவரங்களைத் தரும். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடுக்கவும். "போதும் தாத்தா, மிச்சத்தை மாடலே புரிஞ்சுக்கும்" என்றான். போதாது என்று அவனிடம் சொன்னதையே இங்கே ஊரறியச் சொல்கிறேன்.

பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதான பலருக்கு டாக்டர் அதற்கு ஒரு அளவு வைத்திருப்பார். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஆனால் நம் நாட்டு லேபிள் விதிப்படி பாக்கெட்டில் சோடியம் போட்டாக வேண்டும், பொட்டாசியம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பிஸ்கட், மிக்சர், சூப் தூள் எதைக் குறித்தாலும் பொட்டாசியம் கட்டம் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நிரல் கூட்டும்போது அந்தக் காலியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. சாயங்காலம் "இன்றைய பொட்டாசியம் 900 மில்லிகிராம்" என்று வருகிறது. உண்மையில் அதற்கு அர்த்தம், 900-க்குக் குறையாது, மேலே எவ்வளவோ தெரியாது என்பது. இது தெரியாத ஏஜென்ட், இன்னும் நிறைய இடம் இருக்கிறது, இளநீர் குடிக்கலாம் என்று மரியாதையாகப் பதில் சொல்லும்.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொடுத்த பாடம் இது. கீழ் அலுவலகங்களிலிருந்து மாதாந்திர அறிக்கை வரும். ஒன்றும் நடக்காத தாலுகா "இன்மை அறிக்கை" அனுப்ப வேண்டும். அனுப்பாத தாலுகாவுக்கு நாமே 0 போட்டுக் கூட்டி மேலே அனுப்பினால் மெமோ நிச்சயம். "மூன்று தாலுகாக்களின் அறிக்கை வரப்பெறவில்லை" என்று கூட்டலுக்குக் கீழே எழுதியாக வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு வந்தவர்கள் மை பேனாவால் செய்த வேலை, ஐயா!

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த புண்ணியத்தில், பிரான்ஸ் அரசு நிறுவனமான ஆன்சேஸ் வெளியிடும் சிக்குவால் என்ற உணவுச் சத்துப் பட்டியலை என்னால் படிக்க முடிகிறது. அளவு தெரியாத இடத்தில் சின்னக் கோடு. மிகக் கொஞ்சம் என்றால் "துளி" என்று சொல்லாகவே எழுதுகிறார்கள். எண்களுக்கு எவ்வளவு நம்பலாம் என்று ஏ முதல் டி வரை தரமும் உண்டு. (தங்கள் சமையலைப் பற்றி அவர்கள் அடித்துக்கொள்ளும் பெருமையை இந்தப் பட்டியலுக்காகவே பொறுத்துக்கொள்கிறேன்.)

நம்மிடம் இல்லாமலா? குன்னூரில் ஐக்ராய்ட் 1937-லேயே இந்திய உணவுகளின் சத்துக் கணக்கைப் புத்தகமாகப் போட்டார். அந்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர்களுடைய 2017 அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள். எத்தனை பிராந்தியங்களில் மாதிரி எடுத்தார்கள், எண் எவ்வளவு முன்னே பின்னே போகும் என்பது வரை இருக்கிறது. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். பச்சையாக 100 கிராம் அரிசி என்றால் சுமார் 350 கலோரி, வடித்த சாதம் 100 கிராம் என்றால் சுமார் 130. எது என்று சொல்லாமல் "அரிசி 100 கிராம்" என்று எண்ணை நீட்டினால் சர்க்கரை நோயாளி எதை நம்பி மருந்து போட்டுக்கொள்வது? அமெரிக்க லேபிளில் மாவுச்சத்துக் கணக்கில் நார்ச்சத்தும் சேர்த்தி, ஐரோப்பிய லேபிளில் சேராது என்பது வேறு.

"ஒரு நாள்" என்பதிலும் வம்பு. கம்ப்யூட்டர்காரர்கள் பலர் வைத்துக்கொள்ளும் உலக நேரப்படி நாள் பிறப்பது நமக்குக் காலை 5.30 மணிக்கு. ஐந்து மணிக்கு நான் குடிக்கும் காபி, பாலும் சர்க்கரையுமாக முந்தின நாள் கணக்கில் ஏறிவிடும்.

நீளமாக எழுதினால் செலவு கூடும் என்கிறான் பேரன். நான் கேட்பது ஐந்து வரிதான். காலியாக உள்ள சத்து பூஜ்யம் ஆகாது. எத்தனை பொருள்களுக்கு அளவு கிடைக்கவில்லை என்பதைக் கூட்டுத்தொகையோடு தருக. எண் எந்த அட்டவணையிலிருந்து, எந்த வருடத்தது என்று தருக. பச்சையா, சமைத்ததா என்று தருக. நாள் என்பது இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை.

இந்த வசதியை உபயோகிக்கும் நண்பர்கள், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இன்றைக்கே உங்கள் ஏஜென்டைக் கேட்டுப் பாருங்கள்: பொட்டாசியம் எத்தனை பொருள்களுக்குத் தெரிந்தது, எத்தனைக்குத் தெரியவில்லை? நேரான பதில் வராவிட்டால் இளநீர்க்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.