தோல்வி யார் கணக்கில்?

வங்கியில் நாள் முழுக்கக் கூட்டிக் கழிக்கிற எனக்கே இந்தப் பதக்கக் கணக்கு பிடிபடவில்லை. 2018 புவெனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 3 தங்கம், 9 வெள்ளி, 1 வெண்கலம். 2014 நான்ஜிங்கில் ரெண்டே ரெண்டுதான். பெருமைதான், இல்லேங்கல.

அந்த வெள்ளிகளில் ஒன்று பெண்கள் ஹாக்கி அணி கொண்டுவந்தது. அணித்தலைவி சலீமா டெடே, ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 1-3 என்று தோற்றுத்தான் வெள்ளி. அந்தத் தோல்வியையும் நாடு தன் வரவில் வைத்துக்கொண்டது.

2021இல் டோக்கியோ அரையிறுதி. அதே அர்ஜென்டினா, சலீமாவும் ஆடினார். இந்தத் தோல்வியை மட்டும் நாடு ஏற்கவில்லை. ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியா வீட்டு முன்னால் வெடி போட்டு, தலித்துகளைச் சேர்த்ததால்தான் தோற்றோம் என்று ஏசினார்களாம். குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. ஜெயிச்சா இந்தியா, தோத்தா சேரியா? நாலு நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூணு கோல் போட்டிருந்தார் வந்தனா.