முப்பது நாள் குட்டியும் கேட்காத காதும்

ராஜபாளையத்துக்கு போன் போட்டு நாய்க்குட்டி விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்வி கேட்பார்கள். "அண்ணே, சுத்த வெள்ளையா? மூக்கு ரோஸா இருக்குமா? எத்தனை நாள் குட்டி?" மூன்றாவது கேள்விக்கு "முப்பது நாள் ஆச்சு தம்பி, வந்து தூக்கிட்டுப் போங்க" என்று பதில் வந்தால் சந்தோஷம். இருபத்தைந்து நாள் என்றால் இன்னும் சந்தோஷம்! குட்டிக்குக் காது கேட்குமா என்று நான்காவது கேள்வி கேட்கிற ஆள் அபூர்வம்.

இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்துதான் ஒரு நல்ல இனத்தைக் கெடுத்துக் கொண்டிருக்கின்றன. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வெள்ளை. ராஜபாளையம் நாய் என்றாலே பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண் என்று ஆகிவிட்டது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இந்த ஊர் நாயும் ஒன்று. ஆனால் அதே இனத்தில் ஒரே ஈத்தில் புள்ளி விழுந்ததும், கறுப்போ பழுப்போ கலந்ததும் பிறக்கத்தான் செய்யும். அவற்றுக்கு விலை கிடையாது. வளர்ப்பவர்கள் அவற்றை ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்தே வந்திருக்கிறார்கள்.

இதில் என்ன தப்பு? தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அதே நிறமிச் செல்கள் உட்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை உணர்கிற நுண்ணிய செல்களுக்கு உயிர் கொடுக்கிற ரத்தநாளப் பகுதி குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் சுருங்கிப் போகும். அதோடு அந்தக் காது முடிந்தது. மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. வெள்ளை உடம்பும் நீலக் கண்ணும் உள்ள பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வின் 1859ல் வந்த தன் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷன் நாய்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டி பிறப்பது ஊர் அறிந்த விஷயம்தான். வாங்க வருகிறவர்களிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

இப்போது அந்த முப்பது நாளைக் கவனியுங்கள். குட்டிக்குக் கண் திறப்பது பத்து முதல் பதினான்கு நாளில். காதின் துவாரம் திறப்பதும் ஏறக்குறைய அதே சமயம்தான். உள்ளே சேதம் நடப்பது மூன்றாவது, நான்காவது வாரத்தில். கேட்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல ஐந்தாறு வாரமாவது ஆக வேண்டும். அதாவது, குறை தெரிய ஆரம்பிக்கிற நேரத்தில் குட்டி மதுரையையோ சென்னையையோ பார்க்க பஸ் ஏறியிருக்கும்! விற்றவர் மனசாட்சிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. "எங்க வீட்ல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவர் சொன்னால் அது பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. வாங்கியவர் "திமிர் பிடிச்ச நாய், கூப்பிட்டா வர்றதில்ல" என்று அடிக்க ஆரம்பிப்பார். தூங்கும்போது தொட்டதும் பதறிக் கடித்தால், அதன் கதை சங்கிலியில் முடியும்.

(கூட்டமாகக் கிடக்கிற குட்டிகளுக்கு நடுவில் நின்று கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும். தரையில் காலைத் தட்டினால் அதிர்வு போய்ச் சேரும். குட்டியைத் தனியாகப் பிரித்து, தூங்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். அப்படியும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை வேண்டும்.)

"சின்னதா வாங்கினாத்தான் பாசம் வரும்" என்பது அடுத்த கதை. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உறவு பழகுகிறது என்பது அதில் முக்கியமான விஷயம். ஆகவே எட்டு வாரத்தில் வாங்கினாலும் பாசத்துக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களில் தாயிடமும் கூடப்பிறந்ததிடமும் அது படிக்கிற பாடம் வேறு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பது அதில் ஒன்று. ஆக்ரோஷமான இனம் என்று பெயர் வாங்கிய நாய்க்கு இந்தப் பாடத்தை வெட்டிவிட்டு, பிறகு கடிக்கிறது என்று புகார் சொல்வது என்ன நியாயம்?

சாப்பாடு இதைவிட மோசம். பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்தது. பாலுக்குப் பஞ்சமில்லாத பூமி. அதனாலோ என்னவோ, தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம் "பசும்பால் ஊத்துங்க". நாயின் பாலில் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் புரதமும் கொழுப்பும் உண்டு. பசும்பாலில் இருந்து அதே அளவு சத்து கிடைக்க குட்டி நிறையக் குடிக்க வேண்டும். குடித்தால் கூடவே பால் சர்க்கரையும் அளவுக்கு மேல் போகும். பிறகு பேதி. அந்தக் குட்டி வயிற்றில் ஏற்கெனவே புழு இருக்கும். உருண்டைப்புழு கர்ப்பத்திலேயே வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். இரண்டாவது வாரத்திலிருந்தே புழு மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இதோடு பஸ் பயணம், புது இடம். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு வருகிற நேரமும் அதுதான். தடுப்பூசி போடுவதோ ஆறு வாரத்துக்கு மேல். நடுவில் பார்வோ வந்தால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிறந்த அன்றே எடை போட வேண்டும். பத்து நாளில் எடை இரண்டு மடங்கு ஆகாத குட்டியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதல் வாரத்தில் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, அதனால் படுக்கை கதகதப்பாக இருக்க வேண்டும். நாலாவது வாரத்தில் குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, கோழி ஈரல் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, தாய் தானாக விலக்கும் வரை பாலையும் விட்டு வைக்க வேண்டும். இன்னொன்று, எலும்பு உயரமாக வளரட்டும் என்று கால்சியம் டானிக்கை ஊற்றித் தள்ளுகிற பழக்கம். வேண்டாத கால்சியத்தை வெளியே நிறுத்த குட்டியின் குடலுக்குத் தெரியாது. உயரமாக வளரும் இனத்தில் கால் கோணுவதற்கு அதுவும் ஒரு வழி.

வளர்ப்பவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. எட்டுக் குட்டியை முப்பது நாளிலிருந்து ஐம்பத்தாறு நாள் வரை வைத்திருந்தால் தீனி, புழு மருந்து, ஊசி எல்லாம் அவர்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். நடுவில் நோய் வந்தால் நஷ்டமும் அவர்களுக்குத்தான். உண்மைதான். அந்தச் செலவை விலையில் சேர்த்துக் கேட்கட்டுமே! 'சுத்த வெள்ளை'க்குக் கூடுதலாகக் கொடுக்கிறவன், காது சோதித்த குட்டிக்குக் கொடுக்க மாட்டானா? எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ல் மத்திய அரசு விதியே போட்டுவிட்டது. விதி வந்த பிறகும் "முப்பது நாள் ஆச்சு தம்பி" மாறவில்லை.

அரசு நடத்தினால் ஒழுங்காக இருக்கும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னை சைதாப்பேட்டையில் அரசே ஒரு நாய் இனப்பெருக்க மையம் நடத்தியது. அதை மூடச் சொல்லி 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அடுத்த வருடமே மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், நாட்டு இனம் என்ற பேச்சு எங்கும். 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் ராஜபாளையம் நாயின் பெயரைச் சொன்னார். இத்தனை பெருமைப் பேச்சிலும் அந்தக் காது பற்றி ஒரு வரி கிடையாது.

குட்டியோடு கென்னல் கிளப் சான்றிதழ் கொடுத்தால், அதில் தாய் தகப்பன் பெயர் இருக்கும். அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு காதும் கேட்குமா, இதற்கு முந்தைய ஈத்தில் எத்தனை குட்டி செவிடு என்று வாங்குகிறவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் சொல்லாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.