நம்ம ஊருல மருத்துவக் கல்லூரி, நம்ம பிள்ளைக்கு இடம் எங்கே?



கிருமாம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கு. பக்கத்துல பிள்ளையார்குப்பத்தில் இருக்கு. விழுப்புரம் சாலையில் அரியூரில் இருக்கு. பாகூர், வில்லியனூர் கொம்யூன் சனங்க அங்கே நோயாளியா போறாங்க, வேலைக்குப் போறாங்க. டாக்டருக்குப் படிக்க எத்தனை பேர் போறாங்க? உங்க தெருவுல எண்ணிப் பாருங்க.

ஏன்னு கேட்டா ஒரே பதில்தான்: "மார்க் இல்ல. தகுதி இல்ல."

இந்தத் தகுதி என்னன்னு பார்ப்போமா?

நீட் தேர்வுக்கு மொத்தம் 720 மதிப்பெண். ரெண்டு வருஷம் கண் விழிச்சுப் படிச்சு 12-ஆம் வகுப்பில் எடுத்த மார்க், குறைந்தபட்ச அளவைத் தாண்டினா போதும். அதுக்கு மேல எவ்வளவு எடுத்தாலும் தரவரிசையில் ஒரு படிகூட ஏறாது. எல்லாமே ஒரு பகல் நேரத் தேர்வு.

அந்த ஒரு பகலில் ஜெயிக்கிறது யார்? தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கணக்கு எடுத்துச் சொன்னது. 2016-17-ல் நீட் இல்லாமல் சேர்க்கை நடந்தபோது, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். 2020-21-ல் அது 71 பேர்!

அதாவது, ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வீட்டில் உட்கார்ந்து, லட்சக்கணக்கில் கட்டி, கோச்சிங் போய், மறுபடி மறுபடி எழுத முடிஞ்சவங்களுக்கே பெரும்பாலான இடம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நாத்து நடுற அம்மா, தன் மகளை ஒரு வருஷம் சும்மா வச்சுப் படிக்க வைக்க முடியுமா? மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. பையன்னா கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாங்க. நீட் அளப்பது அறிவை மட்டும் இல்லை, எத்தனை தடவை எழுத வசதி இருக்கு என்பதையும்தான்.

தகுதி, தகுதின்னு பேசுற மத்திய அரசுதான் 2023-ல் முதுநிலை நீட் கட்-ஆஃபை பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கியது. இடம் காலியா கிடந்தா தகுதி பூஜ்ஜியம். ஏழை வீட்டுப் பிள்ளை வந்து நின்னா மட்டும் தகுதி மலை உயரமா?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10% உள் ஒதுக்கீடு நமக்கு எப்படி வந்துச்சுன்னு நினைவிருக்கா? 2020-ல் தமிழ்நாடு 7.5% கொடுத்து அந்த ஆண்டே நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு புதுவை அமைச்சரவையும் 10% என்று முடிவு எடுத்தது. ஆளுநர் மாளிகை, டெல்லி என்று கோப்பு சுத்திச்சு. அனுமதி கிடைச்சது 2023-ல். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர், விழுப்புரம் பிள்ளைகள் வெள்ளை கோட்டு போட்டப்போ, இந்தப் பக்கம் மூணு வருஷப் பிள்ளைகள் வாய்ப்பை இழந்தாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?

இந்த 10% கூட சென்டாக் நிரப்புற இடங்களில்தான். ஜிப்மருக்குப் பொருந்தாது. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கீழ் வருவதால் அங்கேயும் இல்லை.

"மார்க் குறைஞ்சவன் டாக்டரானா தரம் கெட்டுடும்" என்று சிலர் சொல்வாங்க. ஒதுக்கீட்டில் உள்ளே போற பிள்ளையும் அதே வகுப்பு, அதே தேர்வு, அதே தேர்ச்சி மதிப்பெண்ணைத் தாண்டித்தான் டாக்டர் ஆகணும். வாசல்ல மட்டும்தான் சலுகை, படிப்பில் இல்லை.

நாம் கேட்பது:

✊ மருத்துவச் சேர்க்கை 12-ஆம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடக்கணும்.
✊ அதுவரைக்கும், நிகர்நிலை உள்ளிட்ட தனியார் கல்லூரிகளில் 50% இடம் புதுவைக்கு. அதற்குள் 10% அரசுப் பள்ளிக்கு.
✊ ஜிப்மரில் புதுவைக்கான இடங்களிலும் அரசுப் பள்ளிக்குப் பங்கு.
✊ ஒவ்வொரு கொம்யூனிலும் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே இலவச நீட் பயிற்சி.

தோழர்களே, லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. உங்க தெருவில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தா, இந்த 10% பற்றி அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க. குடியிருப்பு, சாதிச் சான்றிதழ்களை இப்பவே எடுக்கச் சொல்லுங்க. சென்டாக் விண்ணப்பம் போட கிளைத் தோழர்கள் கூடவே நில்லுங்க. ஒரு சான்றிதழ் குறையால் ஒரு இடம்கூட நம்ம கையை விட்டுப் போகக் கூடாது.

படிப்பு நம்ம உரிமை. பகிருங்கள்!

#நீட்_வேண்டாம் #அரசுப்பள்ளி_நம்_பெருமை #புதுவை_இடம்_புதுவைக்கே