வெற்றிடமும் ஓர் எழுத்தே



சென்ற சித்திரையில் நம் கையால் நேர்ந்த பிழையொன்றை ஈண்டு வெட்கத்துடன் எழுதுகின்றோம். கட்கியில் வாழும் அம்மையார் ஒருவர் தை மாதத்திலேயே ஆண்டுச் சந்தாவைச் செலுத்தி ரசீதும் பெற்றவர். அவருக்குச் ‘சந்தா நிலுவை’ என்று சங்கத்திலிருந்து கடிதம் சென்றுவிட்டது. ரசீதைக் கையிற் பிடித்துக்கொண்டு ராஸ்தா பேட்டைக்கே வந்த அவர், “ஐயா, கட்டியவளைக் கட்டாதவள் என்று எழுதலாமா?” என்று கேட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

அன்றிரவே கணினியின் முன் அமர்ந்தோம். உறுப்பினர் பட்டியல், சந்தாப் பட்டியல் இரண்டிலும் அவர் பெயர் ஓரெழுத்தும் பிசகாமல் இருந்தது. எனினும் கணினி அவரை வெவ்வேறு இருவராகவே எண்ணிற்று. மறைந்துள்ள குறிகளைக் காட்டும்படி செயலியைப் பணித்தோம். ஒரு பட்டியலில் மட்டும் பெயரின் இறுதியில் சிறு புள்ளியொன்று தோன்றிற்று! பெயரைத் தட்டச்சிட்டபின், இடம் விடும் விசையைக் கைப்பழக்கத்தால் ஒருமுறை கூடுதலாகத் தட்டியவர் வேறெவருமல்லர், நாமே.

நம் கண்ணுக்கு வெற்றிடம் ஒன்றுமில்லாதது. கணினிக்கோ அது 32 என்னும் எண்ணுடைய எழுத்து. டேப் விசைக்கு எண் 9. வரியின் முடிவுக்கு 10. விண்டோஸ் கோப்புகளில் 13உம் 10உம் சேர்ந்து வரும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்குங்கால், பார்வைக்கு வேறுபாடில்லாத ‘பிரியா இடம்’ 160 என்னும் எண்ணுடன் உள்ளே புகுவதுமுண்டு.

நம் முன்னோர் ஓலையில் சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதினர். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், சொல் எங்கே முடிகின்றது என்று தெளியவே அரும்பாடுபட்டனர். அவர்கள் ஏட்டில் இல்லாத இடத்தைத் தேடினர்; நாமோ திரையில் இருக்கும் இடத்தைக் காணாமல் இடறினோம்.

சங்கக் கணக்குகளை எழுதும் இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்க. லிப்ரே ஆபீஸில் கண்ட்ரோல் விசையுடன் எஃப்10. மைக்ரோசாப்ட் வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் 8. நோட்பேட் பிளஸ் பிளஸில் ‘வியூ’ என்பதன்கீழ் ‘ஷோ சிம்பல்’. உடனே இடம் புள்ளியாகவும், டேப் அம்பாகவும் காட்சி தரும்.

மறுநாள் அலுவலகம் விட்டதும் கட்கிக்குச் சென்று மன்னிப்புக் கோரினோம். அம்மையார் புன்னகையுடன் காப்பி கொடுத்து அனுப்பினார். ஒருவரை நிலுவைக்காரர் என்று எழுதுமுன், புள்ளிகளைத் திரையில் தோன்றச் செய்து பார்ப்போம். ரசீதுப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுவோம். ஊர்விட்டு ஊர் வந்து உழைத்து வாழும் குடும்பங்களுக்கு நாணயமான பெயரே பெருஞ்செல்வம் அன்றோ?