மனச்சோர்வு என்பது ‘செரோடோனின் குறைபாடு’ இல்லையாம்... அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

‘டிப்ரஷனுக்கும் செரோடோனினுக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருஷமா நம்மை ஏமாத்திட்டாங்க!’ இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். தினமும் மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு அதைப் பார்த்ததும், ‘அப்புறம் எதுக்கு இதை முழுங்கணும்?’ என்று தோன்றுவது இயல்பு.

அந்த ரீல்ஸ் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்து.

இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2022 ஜூலையில். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மனநல மருத்துவர் ஜோனா மான்கிரீஃப் குழுவினர், அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வுக்குச் செரோடோனின் குறைவுதான் காரணம் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று ‘மாலிக்யூலர் சைக்கியாட்ரி’ இதழில் எழுதினார்கள். ஆய்வுகளை அவர்கள் எடைபோட்ட விதம் சரியில்லை என்று அதே இதழில் வேறு நிபுணர்கள் மறுப்பும் எழுதினார்கள். ஆனாலும், ‘செரோடோனின் கம்மி, அதனால் சோகம்’ என்ற எளிய சூத்திரத்தை மனநல மருத்துவத் துறையிலேயே பலர் ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள்.

சரி, அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது?

காசநோய் வார்டில் ஓர் ஆச்சரியம்

1952. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனை. காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போன இடத்தில் வேறொன்று நடந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, உற்சாகம் வந்தது. வார்டில் நோயாளிகள் ஆடுகிற புகைப்படங்கள்கூட அப்போது பத்திரிகைகளில் வெளியாயின. மூளைக்காக யாரும் அந்த மருந்தைத் தயாரிக்கவில்லை!

எதிர்த்திசையில் இன்னொரு சம்பவம். அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது, நிஜமாகவே வேர்தான். சர்ப்பகந்தா. ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் இது பயன்படுவதை 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. ரத்த அழுத்தம் குறைந்தது. ஆனால், அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனம் துவண்டுபோனதாகவும் மருத்துவர்கள் குறித்தார்கள்.

ஆய்வகத்தில் பார்த்தபோது, ரிசர்பின் மூளையில் செரோடோனின் போன்ற வேதிப்பொருள்களைக் காலிசெய்தது. இப்ரோனியாசிட்டோ அவற்றைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தது. ஒன்று குறைக்கிறது, மனம் சோர்கிறது. இன்னொன்று கூட்டுகிறது, மனம் தெளிகிறது. கணக்கு கச்சிதமாக இருந்தது. 1960களில் இதிலிருந்துதான் ‘குறைபாடு’ கோட்பாடு பிறந்தது.

கவனியுங்கள்: நோயாளிகளின் மூளையைச் சோதித்து ‘இது குறைவு’ என்று கண்டுபிடித்த பிறகு மருந்து வரவில்லை. மருந்து முதலில் வந்தது; அது செய்த வேலையை வைத்து நோய்க்கான காரணத்தை ஊகித்தார்கள். பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் தணிகிறது, எனவே காய்ச்சல் என்பது பாராசிட்டமால் குறைபாடு என்று சொல்வதைப் போல.

1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு, அதாவது புரோசாக்குக்கு, அனுமதி கிடைத்தது. விளம்பரங்களில் ‘வேதிச் சமநிலைக் குறைவு’ என்பது ஊகமாக அல்ல, நிரூபணமான உண்மைபோலவே ஒலித்தது. அதில் ஒரு நன்மையும் இருந்தது. ‘திமிரு’, ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டு வாங்கியவர்கள், ‘இது ஒரு நோய்’ என்று சொல்ல முடிந்தது.

அப்போ மாத்திரை வேலையே செய்யலையா?

இங்கேதான் ரீல்ஸ் சறுக்குகிறது. காரணம் தெரியாமலேயே ஒரு மருந்து பலன் தரலாம். 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான தொகுப்பாய்வு 21 மருந்துகள் மீதான 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளை அலசியது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. ஆனால் சராசரியில் அந்த வித்தியாசம் மிதமானதுதான். சிலருக்கு வாழ்க்கையே மீள்கிறது, சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை.

இன்னொரு புதிர்: மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பு இடைவெளிகளில் செரோடோனின் கூடுகிறது. மனம் தேறவோ சில வாரங்கள் ஆகின்றன. வெறும் பற்றாக்குறை என்றால் அன்று மாலையே சரியாகியிருக்க வேண்டுமே! நரம்பு செல்களுக்கு இடையே புதிய இணைப்புகள் உருவாக இந்த மருந்துகள் மெதுவாக உதவுகின்றன என்பது இப்போது பேசப்படும் விளக்கங்களில் ஒன்று. மயக்க மருந்தான கெட்டமின், செரோடோனினை விட்டுவிட்டு குளுட்டமேட் என்ற வேறொரு வழியில் வேலைசெய்து, சில மணி நேரத்திலேயே சிலரின் மனச்சோர்வைத் தணிக்கிறது. அதன் உறவுக்கார மருந்தான எஸ்கெட்டமினை 2019இல் அமெரிக்கா அனுமதித்தது.

திடீரென நிறுத்தினால்?

மாதக்கணக்கில் மருந்துக்குப் பழகிய மூளையிலிருந்து அதை ஒரே நாளில் பிடுங்கினால், தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் ‘ஷாக் அடிச்ச மாதிரி’ ஓர் உணர்வு எல்லாம் வரலாம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் இது அதிகம். உடலைவிட்டு மெதுவாக வெளியேறும் ஃப்ளுவாக்ஸெட்டினில் குறைவு. இதையே ‘நோய் திரும்பிடுச்சு’ என்று தவறாக நினைப்பதும் உண்டு. பழைய நோய் நிஜமாகவே திரும்பும் வாய்ப்பும் இருக்கிறது.

நிறுத்தவே கூடாது என்பதில்லை. மருத்துவர் அளவைப் படிப்படியாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைப்பார். ‘எனக்கு இது எவ்வளவு காலம் தேவை, எப்படிக் குறைக்கலாம்?’ என்று அடுத்த முறை நேரடியாகவே கேளுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு, மருந்து தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அப்படித் தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும்.